போர்ஷே 928: மாடல்கள், விலைச் சரிவு, வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கேள்வி: 928, எஸ், எஸ்4, ஜிடிஎஸ் என்று பல பெயர்கள். எஞ்சினில் என்ன வித்தியாசம்?

எல்லாமே முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின்தான். ஐரோப்பிய மாடல்களின் கணக்கைச் சொல்கிறேன். 1977இல் அறிமுகமானபோது 4.5 லிட்டர், 240 குதிரைத்திறன். எஸ் 4.7 லிட்டர், 300. எஸ்4 5 லிட்டர், 32 வால்வு, 320. கடைசியாக வந்த ஜிடிஎஸ் 5.4 லிட்டர், 350. கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமம். நெடுந்தூரம் ஓட்டினால் அதன் அருமை தெரியும்.

கேள்வி: புதிதாக வந்தபோது அவ்வளவு விலை. பிறகு ஏன் இப்படி விழுந்தது?

காரின் விலை இறங்கியது, உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. காரணம் அதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்கள் சர்வீஸ் பில்லைப் பார்த்துவிட்டு வேலையைத் தள்ளிப்போட்டார்கள். கார் இன்னும் கெட்டது, அடுத்தவர் இன்னும் குறைத்துக் கேட்டார். கூடவே இன்னொன்று. போர்ஷேயின் புகழ்பெற்ற 911க்கு மாற்றாக யோசித்த கார் இது. ஆனால் 911 நிலைத்துவிட்டது, சேகரிப்பாளர்களும் அந்தப் பக்கமே போனார்கள். ஐரோப்பாவின் 1978 'கார் ஆஃப் தி இயர்' விருதை வாங்கிய காருக்கு இது நியாயமே இல்லை என்பேன். இன்று நிலைமை மாறியிருக்கிறது. மேனுவல் கியர் ஜிடிஎஸ் எண்ணிக்கையில் குறைவு, அதனால் நல்ல விலைக்குப் போகிறது. சாதாரண ஆட்டோமேட்டிக் எஸ்4 அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆகவே வருடத்துக்கு இத்தனை சதவீதம் தேய்மானம் என்று இதற்குக் கணக்குப் போடாதீர்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வாங்கலாமா?

வாங்கலாம், ஒரு சோதனை முடிந்த பிறகு. எஞ்சினிலிருந்து பின்னால் ஓடும் டிரைவ் ஷாஃப்டை முன்பக்கம் ஒரு கிளாம்ப் பிடித்திருக்கும். அது மெல்ல நழுவினால், எஞ்சினையும் அந்த ஷாஃப்டையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தட்டு வளைந்து, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்து தீர்ந்தால் எஞ்சினின் அலுமினிய பிளாக்கும் போய்விடும். மெக்கானிக்கிடம் கீழ் மூடியைக் கழற்றி கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். பிளேட் துள்ளி நகர்ந்தால் இத்தனை நாளும் அழுத்தத்தில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து கிராங்கின் முன்பின் அசைவை அளக்க வேண்டும். 0.4 மி.மீ.க்கு மேல் காட்டினால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் அந்தக் கார் வேண்டாம்.

கேள்வி: கார் அதிகம் ஓடவில்லை. டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டுமா?

வேண்டும். வால்வுகளை எஞ்சினோடு ஒத்து இயக்கும் ரப்பர் பெல்ட் இது, நின்றிருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். 32 வால்வு எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதிவிடும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பிரித்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வேறு நிறம் அடிக்கலாமா?

விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். தொழிற்சாலை நிறம்தான் விலை போகும்.