மாமா சொன்ன கோர்ஸும் பையன் செய்து வைத்த வேலையும்

போன வாரம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, மகனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க அவனோடு என்னிடம் வந்திருந்தார்கள். பிளஸ் டூ முடித்தவன், கணிதத்தில் நூற்றுக்கு 68. அப்பாவுக்கு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் வேலை. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஏஐ - டேட்டா சயின்ஸ் பிரிவுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசி, 50,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார்கள். நான்கு வருடத்துக்கு விடுதியோடு சேர்த்து 14 லட்சம். "பெங்களூர்ல இருக்கிற அவன் மாமாதான் சொன்னாருங்க, இப்ப இதுதான் ஓடுதுன்னு. இதை விட்டா பையன் வாழ்க்கையே போயிருமோன்னு பயமா இருக்குதுங்க" என்று அம்மா கண் கலங்கினார்.

வாழ்க்கை எங்கும் போகாதம்மா என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. அந்த 14 லட்சத்தில் 9 லட்சம், வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கப்போகிற கடன்.

தம்பி, உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். "எந்நேரமும் பழைய கம்ப்யூட்டரைக் கழட்டிட்டு உக்காந்திருப்பானுங்க" என்றார் அப்பா, குறை சொல்கிற குரலில். அப்புறம்தான் பையன் செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினான். சித்தப்பாவின் மருந்துக் கடை பில்லிங் சர்வர், அதாவது பில் கணக்கெல்லாம் இருக்கும் கணினி. மூடி திறந்த பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி, அதனதன் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளைப் பேனாவால் எழுதியிருந்தான். "ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும் சார். ஒண்ணு போச்சுன்னா, அவசரத்துல நல்ல டிஸ்க்கைப் புடுங்கிடக் கூடாதில்ல?"

சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் பத்து வருடம் இருப்பவர்களே தவறவிடுகிற இடம் அது.

அவன் அமைத்திருந்தது மிரரிங், அதாவது ரெய்டு 1. ஒரு டிஸ்க்கில் எழுதுவது அதே நேரத்தில் இன்னொன்றிலும் எழுதப்படும். 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினாலும் கிடைப்பது 1 டிபி இடம்தான். அந்த விலைக்கு ஈடாக, ஒன்று செத்தாலும் கடையில் பில் போடுவது நிற்காது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் எம்டிஏடிஎம் என்ற இலவசக் கருவியால் செய்திருக்கிறான். நிலவரம் பார்த்தால், டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு யூ (U) எழுத்துகள் தெரியும். ஒரு டிஸ்க் விழுந்தால் ஒரு யூ இருந்த இடத்தில் அடிக்கோடு வந்துவிடும். பழுதானதைக் கழற்றிப் புதியதைச் சேர்த்தால் எல்லாம் திரும்ப நகலாகும். 1 டிபிக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும்.

கட்டளைகளை இரண்டு நாளில் யாரும் படித்துவிடலாம். அதைச் சுற்றியுள்ள கவனம்தான் தொழில். இயங்குதளமும் அதே டிஸ்க்குகளில் இருந்தால், கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட் லோடர் என்ற சிறு நிரலை இரண்டிலும் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டு வைத்து, அந்த ஒன்று போய்விட்டால், தரவு பத்திரமாக இருந்தும் சர்வர் எழுந்திருக்காது. ஒரே பேட்ச்சில், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரான டிஸ்க்குகள் அடுத்தடுத்துச் சாக வாய்ப்பு உண்டு என்பதால் வேறு வேறு பேட்ச்சில் வாங்குவது நல்லது. ஒரு டிஸ்க் விழுந்தவுடன் மெயில் வரும்படி வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அலுவலகத்தில் முதல் டிஸ்க் போனதை ஐந்து மாதம் யாரும் பார்க்கவில்லை. இரண்டாவதும் போன அன்றுதான் தெரிந்தது. மூன்று வருடக் கணக்கு போயிற்று. முக்கியமாக, மிரர் என்பது பேக்கப், அதாவது தனியே எடுத்து வைக்கும் நகல் ஆகாது. கை தவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். பையனிடம் இதைக் கேட்டேன். "தினமும் ராத்திரி தனியா ஒரு டிஸ்க்குக்குக் காப்பி போகுது சார்" என்றான்.

மாமா இதைப் பழைய சமாச்சாரம் என்கிறாராம். ரெய்டு என்ற பெயர் 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, பழசுதான். ஆனால் அவர் சொல்கிற ஏஐ ஓடுவதும் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிற சர்வர்களில்தானே? ஏஐ படிப்பில் நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் அடிப்படை. கணிதம் என்றாலே முகம் சுருங்குகிற பையனை அதில் உட்கார வைக்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

அரசுக் கலந்தாய்வு பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன். இவனுக்கு நான் சொன்னது பாலிடெக்னிக். பிளஸ் டூவில் கணித, அறிவியல் பாடம் படித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடப் படிப்பு, அரசுப் பாலிடெக்னிக்கில் செலவும் குறைவு. பிறகு ஆசை இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. கூடவே லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற சர்வர் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகட்டும். அதில் பதிலை டிக் அடிக்கிற வேலையே இல்லை. இயந்திரத்தில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். இவன் மாதிரிப் பையன்களுக்கென்றே வைத்த தேர்வு அது. பயிற்சிக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, 5 ஜிபியில் இரண்டு மெய்நிகர் டிஸ்க் உருவாக்கினாலே போதும். "நூறு சதவீதம் வேலை" என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி நிலையத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ஆரம்பத்தில் சம்பளம் குறைவு, ராத்திரி ஷிப்டும் வரும். இதைப் பெற்றோரிடம் மறைக்கவில்லை. ஆனால் அவன் கடனோடு தொடங்கமாட்டான்.

இனி அந்த 50,000. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது, தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதி. அசல் சான்றிதழ்களையும் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. ஐயா, திங்கட்கிழமையே எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாமாவிடம் நீங்களே பேசுங்கள், பையனைப் பேச விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு, பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவனை ஒரு டிஸ்க்கைக் கழற்றித் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நேரம் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள்.