ஹெபடைடிஸ் சி வைரஸை டி செல்கள் எப்படி வெல்கின்றன?

கேள்வி: டாக்டர், மருந்தில்லாமலேயே சிலருக்கு இந்தத் தொற்று நீங்கிவிடுகிறதாமே?

பதில்: ஆம். தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதத்தினருக்கு ஆறு மாதங்களுக்குள் வைரஸ் தானாகவே அகன்றுவிடுகிறது. அதில் பெரும்பங்கு, நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளை அணுக்களான டி செல்களுடையது.

கேள்வி: ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகள் போதாதா?

பதில்: கல்லீரல் செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை ஆன்டிபாடியால் எட்ட முடியாது. தொற்றிய செல்லின் மேற்பரப்பில் தென்படும் வைரஸ் புரதத் துணுக்கை சிடி8 வகை டி செல்கள் இனங்கண்டு அச்செல்லை அழிப்பதோடு, இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்து, செல்லைக் கொல்லாமலேயே வைரஸ் பெருகுவதையும் அடக்குகின்றன. ஆனால் அவற்றைத் தளராமல் தாங்கி நிற்பவை, உதவி செய்யும் மற்றொரு வகை டி செல்களான சிடி4 செல்களே. இவற்றுக்குரிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். முன்பு தொற்றிலிருந்து மீண்ட சிம்பன்சிகளுக்கு மீண்டும் வைரஸைச் செலுத்திய ஆய்வுகள் 2003இல் வெளியாயின. சிடி8 செல்களை நீக்கியபோது, அவை திரும்பி வரும்வரை வைரஸ் ரத்தத்தில் நீடித்தது. சிடி4 செல்களை நீக்கியபோதோ, சிடி8 செல்கள் இருந்தும், வைரஸ் உருமாறித் தப்பி நிலைத்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் பலருக்கு ஏன் நாள்பட்ட நோயாகிறது?

பதில்: சிடி4 உதவி தொடக்கத்திலேயே குன்றிவிடுவது முதற்காரணம். பிரதியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் வசதி இந்த வைரஸுக்கு இல்லாததால் அது ஓயாமல் மாறுகிறது. மாதக்கணக்கில் போரிடும் சிடி8 செல்களோ பிடி-1 போன்ற தடைப் புரதங்களை ஏந்திச் சோர்ந்துவிடுகின்றன.

கேள்வி: டி செல்களைத் தூண்டும் தடுப்பூசி வந்துவிட்டதா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் ஊசி வழியே போதைப்பொருள் எடுத்துக்கொள்வோரிடம் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. டி செல்கள் தூண்டப்பட்டன, வைரஸின் உச்ச அளவும் குறைந்தது. நாள்பட்ட தொற்று மட்டும் தடுக்கப்படவில்லை.

கேள்வி: என் தம்பிக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. உடம்பே சரிசெய்துகொள்ளும் என்று காத்திருக்கலாமா, ஐயா?

பதில்: வேண்டாம். வைரஸ் நீங்கியவருக்கும் ஆன்டிபாடி பல ஆண்டுகள் இருக்கும் என்பதால், முதலில் ரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்யுங்கள். வைரஸ் இருந்தால், 8 முதல் 12 வாரம் உட்கொள்ளும் மாத்திரைகள் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்துகின்றன. குணமான பின்னும் சோர்ந்த டி செல்கள் முழுமையாக மீள்வதில்லை. மறுபடியும் தொற்றலாம் என்பதைத் தம்பியிடம் சொல்லிவையுங்கள்.