சைபர் பாதுகாப்பில் ஆய்வுக் கட்டுரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி நான். 'செயற்கை நுண்ணறிவும் சைபர் பாதுகாப்பும்' என்று தலைப்புக் கொடுத்தேன். ரொம்ப அகலம் என்று வழிகாட்டி திருப்பிவிட்டார். கையில் இருப்பது லேப்டாப் மட்டும்தான். எதை எடுக்கலாம்?

பதில்: வழிகாட்டி சொன்னது சரிதான். அந்தத் தலைப்பில் மற்றவர்கள் எழுதியதைத் தொகுக்கலாமே தவிர, நீங்களாக எதையும் அளக்க முடியாது. எண்ணில் விடை வருகிற கேள்வியாகப் பாருங்கள். உதாரணமாக: ஒரு மென்பொருள் ஓட்டை வெளியான பிறகு, அதை வைத்துத் தாக்குகிறார்கள் என்று தெரியவர எத்தனை நாள் ஆகிறது?

தரவு இலவசம். தாக்குதலில் பயன்பட்டது உறுதியான ஓட்டைகளை அமெரிக்காவின் சிசா அமைப்பு 'கேஇவி' என்ற பட்டியலாக வெளியிடுகிறது. சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்), பட்டியலில் சேர்த்த தேதி எல்லாம் அந்த சிஎஸ்வி ஃபைலிலேயே இருக்கும். ஓட்டை வெளியான தேதியை அமெரிக்க அரசின் ஓட்டைத் தரவுத்தளமான என்விடியில் எடுங்கள். ஏபிஐ கீ (புரோகிராம் வழியாகத் தரவு கேட்க அவர்கள் தரும் சாவி) இல்லாவிட்டால் 30 விநாடிக்கு 5 கோரிக்கைதான். கீ இருந்தால் 50. இரண்டு தேதிக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் அளவு. லாக்4ஜே என்ற ஜாவா மென்பொருளில் இருந்த லாக்4ஷெல் ஓட்டை (சிவிஇ-2021-44228) 2021 டிசம்பர் 10-ல் என்விடியில் வந்தது, அன்றே கேஇவியிலும் ஏறியது. இடைவெளி 0.

இனி, வழுக்குகிற இடங்கள். கேஇவி தொடங்கியது 2021 நவம்பரில். பல ஆண்டுப் பழைய ஓட்டைகளையும் மொத்தமாக அதில் ஏற்றினார்கள். அவற்றைச் சேர்த்தால் இடைவெளி ஆயிரக்கணக்கான நாளாகக் காட்டும். எனவே 2022 முதல் வெளியானவை போதும். அடுத்தது இன்னும் நுட்பமானது: கடைசி ஆண்டில் வெளியானவற்றில் மெதுவாகத் தாக்கப்படுபவை இன்னும் பட்டியலுக்கே வந்திருக்காது. அதனால் 'தாக்குதல் வேகம் கூடிவிட்டது' என்ற பொய்யான முடிவு வரும். எல்லா ஆண்டுக்கும் முதல் 180 நாளுக்குள் சேர்ந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். வெளியாகி 180 நாள் ஆகாதவற்றை விட்டுவிடுங்கள். சில எண்கள் மைனஸில் வரும். பிழை என்று நீக்கிவிடாதீர்கள், என்விடியில் ஏறும் முன்பே தாக்குதல் தெரிந்துவிட்டவை அவை. சராசரி வேண்டாம், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) போடுங்கள். கேஇவியில் சேர்த்த தேதி என்பது, முதல் தாக்குதல் நடந்த தேதி அல்ல என்பதையும் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள். வைவாவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி இணையதளத்தையே ஸ்கேன் செய்து எழுதலாமா?

பதில்: எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பாயலாம். 66-ல் மூன்றாண்டு வரை சிறை. லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், பயிற்சிக்காகவே ஓட்டைகளோடு உருவாக்கிய மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-ஐ நிறுவிப் பழகுங்கள். நெட்வொர்க்கை 'ஹோஸ்ட்-ஒன்லி'யில் (உங்கள் லேப்டாப்போடு மட்டும் பேசும் நிலையில்) வையுங்கள். 'பிரிட்ஜ்டு' என்று விட்டால், ஓட்டைகள் நிறைந்த அந்த மெஷின் ஹாஸ்டல் வைஃபையில் எல்லாருக்கும் திறந்து கிடக்கும்.

கேள்வி: நெட்வொர்க் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் மாடலை என்எஸ்எல்-கேடிடி என்ற பொதுத் தரவில் ஓட்டினேன், 99 சதவீதத் துல்லியம் வந்தது. போதுமா?

பதில்: பயிற்சி ஃபைலையே இரண்டாகப் பிரித்துச் சோதித்திருப்பீர்கள். தனியாக உள்ள சோதனை ஃபைலில் ஓட்டுங்கள், துல்லியம் இறங்கும். பயிற்சியில் இல்லாத தாக்குதல் வகைகள் அதில் உண்டு. வகைவாரியாக ரீகாலும் (உண்மையான தாக்குதல்களில் எத்தனையைப் பிடித்தது என்ற விகிதம்) கொடுங்கள். பயிற்சி ஃபைலின் 1,25,973 பதிவுகளில் யு2ஆர் வகை (சாதாரணப் பயனர் நிர்வாகி உரிமையைப் பறிக்கும் தாக்குதல்) வெறும் 52. அத்தனையையும் கோட்டைவிட்டாலும் துல்லியம் 99.9-ஐத் தாண்டி நிற்கும்.