அதே மருந்து, ஆனா பாட்டில்ல 250!

கேள்வி: என் பையனுக்கு 3 வயசு, 12 கிலோ. போன மாசம் காய்ச்சலுக்கு டாக்டர் பாராசிட்டமால் சிரப் 7 மில்லி குடுக்கச் சொன்னாங்க, அந்த பாட்டில்ல 125னு போட்டிருந்துச்சு. நேத்து ராத்திரி மறுபடி காய்ச்சல், வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்ததுல 250னு இருக்கு. அதே 7 மில்லி குடுக்கலாமா? மாமியார் ஒரு ஸ்பூன் ஊத்துன்னு சொல்றாங்க.

பதில்: வேணாம்மா, 7 மில்லி குடுத்துடாதீங்க. நாம மருந்தோட எடையையும் 'மில்லி'ங்கிறோம், சிரப்போட அளவையும் 'மில்லி'ங்கிறோம், குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. 125ங்கிறது 5 மில்லி சிரப்புக்குள்ள 125 மில்லிகிராம் மருந்து இருக்குன்னு அர்த்தம். உங்க கையில இருக்கிறது அதே 5 மில்லிக்குள்ள 250, அதாவது ரெண்டு மடங்கு கெட்டி.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10லருந்து 15 மில்லிகிராம் வரைக்கும். உங்க பையனுக்கு 12ஐ 15ஆல பெருக்கினா 180, அதுக்கு மேல போகக் கூடாது. இப்ப 180ஐ 250ஆல வகுத்து 5ஆல பெருக்குங்க, 3.6 மில்லி வரும். பழைய பாட்டில்னா இதே கணக்குல 7.2, டாக்டர் சொன்ன 7 எங்கருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? புதுசுல அதே 7 மில்லி ஊத்தியிருந்தா 350 மில்லிகிராம் உள்ள போயிருக்கும். அப்படி ஒரு தடவ ஏற்கனவே குடுத்திருந்தா பதறாதீங்க, ஆனா அடுத்த வேளை குடுக்காம டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க. திரும்பத் திரும்ப அதிகமா போனா லிவருக்கு ஆபத்து. கைக்குழந்தைக்கு வர்ற டிராப்ஸ் இன்னும் கெட்டி, பெரும்பாலும் 1 மில்லிலயே 100 மில்லிகிராம் இருக்கும், அத சிரப் மாதிரி மூடியில ஊத்திடாதீங்க.

மாமியார்கிட்ட சண்டை போட வேணாம், ஆனா ஸ்பூன் வேணாம். ஒரு ஸ்பூன் 3 மில்லி பிடிக்கும் இன்னொன்னு 6 பிடிக்கும், யாருக்குத் தெரியும். பாட்டில் மூடியிலயும் 3.6க்கு கோடு இருக்காது. மெடிக்கல்ல ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு வாங்கிக்கங்க, அதுல ஒரு சின்ன கோடு 0.2, 3க்கு மேல மூணாவது கோடு உங்க அளவு. பாட்டில நல்லா குலுக்கிட்டு எடுங்க, இல்லன்னா மருந்து அடியில தங்கிடும்.

ரெண்டு வேளைக்கு நடுவுல 4லருந்து 6 மணி நேரம் விடுங்க, ஒரு நாளைக்கு 4 தடவ போதும். சளி சிரப்பும் சேர்த்து குடுக்குறீங்களா? அப்ப அந்த லேபிளயும் படிச்சுப் பாருங்க, பல சளி சிரப்புலயும் பாராசிட்டமால் இருக்கும்.