கேக் கடையும் மனசாட்சியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தன்பாலின ஈர்ப்பாளர்களின் சம உரிமை பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்து வருகிறேன். நான் விசுவாசி. யாரையும் வெறுப்பவன் அல்ல. என் மகன் இங்கிலாந்தில் கேக் கடை தொடங்கப் போகிறான். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ஒரு பேக்கரிக்காரரை விசுவாசத்துக்காகவே கோர்ட்டுக்கு இழுத்தார்கள் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சமத்துவம் என்றால், நாங்கள் மனசாட்சியை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் கடை திறக்க வேண்டுமா?

எம்., நாகர்கோவில்

அன்புள்ள எம்.,

கோர்ட்டுக்கு இழுத்தது உண்மை. ஆனால் கடைசியில் ஜெயித்தது பேக்கரிதான். சபையில் அதையும் சொல்லுங்கள்.

2014இல் ஒருவர் அந்தக் கடையில் 36.50 பவுண்டுக்கு ஒரு கேக் ஆர்டர் கொடுத்தார். ‘செசமி ஸ்ட்ரீட்’ பொம்மைகள் இரண்டின் படம், கூடவே ‘தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்போம்’ என்ற வாசகம். பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் சில நாளில் போன் செய்து, முடியாது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் 500 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது. 2018 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். அந்த வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் கடைக்காரர் எழுதியிருக்க மாட்டார். வந்தவர் யார் என்பதற்காக அவர் மறுக்கவில்லை. தான் நம்பாத கருத்தைத் தன் கையால் எழுதும்படி ஒருவரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது என்றார்கள். பீட்டர் டாட்செல் பல பத்தாண்டுகளாகத் தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்காகப் போராடுகிறவர். அவரே 2016இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு பேக்கரியின் பக்கம் பேசினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதே உச்ச நீதிமன்றம் 2013இல் இன்னொரு வழக்கை முடித்து வைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு தம்பதி தங்கள் வீட்டையே சிறு ஹோட்டலாக நடத்தினார்கள். கணவன் மனைவிக்கு மட்டுமே இரட்டைக் கட்டில் அறை என்பது அவர்கள் விதி. 2008இல், முன்பதிவு செய்து வந்து சேர்ந்த இரண்டு ஆண்களுக்கு அறை இல்லை என்றார்கள். அவ்விருவரும் சட்டப்படி பதிவு செய்துகொண்ட இணையர். திருமணம் செய்துகொள்ள அன்றைய சட்டம் அவர்களை அனுமதிக்கவில்லை. என்ன செய்தாலும் அந்த அறை அவர்களுக்குக் கிடைக்காது. ஹோட்டல்காரர்கள் தோற்றார்கள். இரண்டு வழக்கிலும் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் ஒரே நீதிபதி, லேடி ஹேல்.

நான் நிற்பதும் அந்தக் கோட்டில்தான். ஒரு கருத்தைச் சொல்ல மறுக்கலாம். பெட்டியோடு வாசலில் நிற்கும் மனிதனைத் திருப்பி அனுப்பக் கூடாது. நம்மூர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் அதை ஆசாரம் என்றுதானே சொன்னார்கள்? கடை, உணவகம், விடுதி என்று பெயர் சொல்லியே நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதைத் தடுக்க வேண்டியிருந்தது.

வழிபாட்டு இடம் வேறு. அங்கே நானும் உங்கள் பக்கம்தான். 2013இல் இங்கிலாந்தில் தன்பாலினத் திருமணச் சட்டம் வந்தபோது, எந்தச் சபையையும் அப்படியொரு திருமணத்தை நடத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதிலேயே எழுதினார்கள்.

எனக்கு உறுத்துவது லண்டன் இஸ்லிங்டன் வழக்கு. அங்கே பதிவாளராக இருந்த ஒரு பெண், தன்பாலின இணையரைப் பதிவு செய்ய மாட்டேன் என்றார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படியொரு சட்டமே கிடையாது. 2013இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அரசு மேசை எல்லோருக்கும் பொது, தீர்ப்பு சரி. ஆனாலும் பழைய ஊழியர் ஒருவருக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்து இதைத் தீர்த்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம், உங்கள் மகன். இரண்டு ஆண்கள் வந்து தங்கள் கல்யாணத்துக்கு ஒரு சாக்லேட் கேக் கேட்டால், மற்றவர்களுக்கு விற்கிற அதே கேக்கை அவர்களுக்கும் விற்கத்தான் வேண்டும். ஒரு கோஷத்தை எழுதச் சொன்னால், யார் கேட்டாலும் எழுத மாட்டார் என்கிறபட்சத்தில் அவர் மறுக்கலாம். கிறிஸ்தவர் என்பதற்காக அவருக்கு யாராவது வாடகைக்குக் கடை தர மறுத்தால், அந்த இரண்டு ஆண்களைக் காக்கும் அதே 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தோடு அவரும் கோர்ட்டுக்குப் போகலாம்.

அன்புடன்