ஃபத்வா கேட்கும் முன்பும் வாங்கிய பின்பும்: பெங்களூரு தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அல்சூரிலிருந்து: அண்ணே, நான் முஸ்லிம் இல்லை. பேப்பரில் 'ஃபத்வா பிறப்பித்தார்' என்றே படித்துப் பழக்கம். அது கட்டளையா?

பாதிக் குழப்பம் அந்தப் 'பிறப்பித்தார்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஃபத்வா என்பது பதில். ஒருவர் கேட்கிறார், மார்க்கச் சட்டம் படித்த முஃப்தி விளக்கம் சொல்கிறார். காழியின் வேலை வேறு. அவர் இரு தரப்பையும் கூப்பிட்டு, சாட்சி விசாரித்துத் தீர்ப்பு சொல்பவர். முஃப்தி விசாரிப்பதில்லை, தாளில் எழுதியிருப்பது உண்மை என்று வைத்துக்கொண்டு சட்டம் சொல்கிறார். அதனால்தான் பல ஃபத்வாக்கள் 'கேள்வியில் சொன்னது உண்மையானால்' என்று தொடங்கும்.

நம் நாட்டுச் சட்டப்படி ஃபத்வா யாரையும் கட்டுப்படுத்தாது. விஷ்வ லோசன் மதன் வழக்கில் 2014 ஜூலை 7 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது; ஃபத்வா தருவதையே தடை செய்யவில்லை. சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் கேட்டால் ஒரு தனி மனிதரைப் பற்றி ஃபத்வா தராதீர்கள் என்றும் அறிவுறுத்தியது. அந்த வழக்கின் பின்னணியில் 2005இல் முஸஃபர்நகரில் மாமனாரால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் இருந்தார். அவருடைய திருமணம் பற்றிய ஃபத்வாவைக் கேட்டது அந்தப் பெண் அல்ல, ஒரு பத்திரிகையாளர். அப்படி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கவே கூடாது.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: காக்கா, எனக்கு ஊர் காயல்பட்டினம், மாமியாருக்கு ஆம்பூர். கழுத்திலும் கையிலுமாக 15 பவுன் போட்டிருக்கிறேன். இங்கே முஃப்தி ஜகாத் (மார்க்கம் சொல்லும் கட்டாய தர்மம்) கொடுக்கணும் என்கிறார், ஊரில் ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) தேவையில்லை என்கிறார். யாரை நம்புவது?

இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள், தங்கச்சி. மார்க்கச் சட்டத்தில் மத்ஹப் என்ற வழிமுறைகள் பல உண்டு. பெங்களூரு முஃப்தி ஹனஃபி. அந்த மத்ஹபில் தங்கம் போட்டிருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் ஜகாத் உண்டு. உங்கள் ஊர் ஷாஃபிஈ. அங்கே பெண் வழக்கமாக அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. ஆனால் சேமிப்பாகப் பூட்டி வைத்த நகை, தங்கக் காசு, தங்க பிஸ்கட், ஊர் வழக்கத்துக்கு மிஞ்சிய நகை ஆகியவற்றுக்கு ஷாஃபிஈயிலும் உண்டு. 'நகைக்கு ஜகாத் இல்லை' என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஹனஃபி கணக்கில் கொடுப்பதானால் நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்த அளவு) 87.48 கிராம், அதாவது 11 பவுனுக்குச் சற்றுக் குறைவு. 15 பவுன் 120 கிராம். முழு 120க்கும் இரண்டரை சதவீதம், அதாவது 3 கிராம். நிஸாபுக்கு மேல் உள்ள 32 கிராமுக்கு மட்டும் போடுவது பலரும் செய்யும் தப்பு. கல் எடையைக் கழியுங்கள். செய்கூலி, சேதாரம் சேர்க்க வேண்டாம். ஆண்டு நிறையும் நாளின் தங்க விலையைப் பிடியுங்கள். எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறீர்களோ அதையே மற்ற விஷயங்களிலும் பின்பற்றுங்கள். மாமியார் தன் நகைக்குத் தன் மத்ஹப்படி கொடுக்கட்டும்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: இங்கே அஸர் (பிற்பகல் தொழுகை) பாங்கு எங்கள் ஊரைவிட ரொம்பப் பிந்துகிறது. ஷாஃபிஈ நான் ஜமாஅத்தோடு (பள்ளியில் கூட்டாக) தொழலாமா?

தாராளமாக. பொருளின் நிழல், உச்சிவேளையில் இருந்த நிழலுக்கு மேல் அதன் ஒரு மடங்கு நீண்டால் ஷாஃபிஈக்கு அஸர். ஹனஃபிக்கு இரு மடங்கு. இந்த ஊரில் அது பருவத்துக்கு ஏற்ப முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். உங்கள் நேரம் சூரியன் மறையும்வரை இருக்கிறது.

டேனரி ரோட்டிலிருந்து: தாருல் இஃப்தாவில் (ஃபத்வா தரும் அலுவலகத்தில்) எழுதிக் கேட்கச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது? குடும்ப விஷயம்.

இதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கேள்வி கோணினால் பதிலும் கோணும்.

ஒரு தாளில் ஒரு விஷயம். தேதி, நடந்த வரிசை, யார் முன்னிலையில், உங்கள் மத்ஹப் என்ன: இவ்வளவும் வேண்டும். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் பழைய ஃபத்வா நூல்களில் உள்ளதுபோல் ஜைத், ஹிந்தா என்று மாற்றுப் பெயர் வைத்து எழுதுங்கள். 'அவர் கொடுமைக்காரர்' என்று எழுதாதீர்கள். என்ன செய்தார் என்று எழுதுங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் எழுதுங்கள். மறைத்து வாங்கிய ஃபத்வா ஹராமை (கூடாததை) ஹலாலாக்காது.

தலாக் சம்பந்தம் என்றால் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே, தமிழிலேயே எழுதுங்கள். இந்த ஊரில் பெரும்பாலும் உருதுவில்தான் கேள்வி போகும். கோபத்தில் ஒருவர் 'உன்னை விட்டுட்டேன், போ' என்கிறார். மொழிபெயர்ப்பவர் 'சோட் தியா' (விட்டுவிட்டேன்) என்று எழுதிவிடுகிறார். உருது வழக்கில் அதை ஹனஃபி முஃப்திகள் பலர் வெளிப்படையான தலாக்காகவே எடுப்பார்கள், எண்ணம் என்ன என்று கேட்க மாட்டார்கள். தமிழில் 'விட்டுட்டேன்' என்பதற்கு எத்தனையோ பொருள். மறைமுகச் சொல் என்றால் சொன்னவரின் எண்ணத்தைக் கேட்டாக வேண்டும். ஒரு குடும்பத்தின் வாழ்வு அந்த ஒரு மொழிபெயர்ப்பில் தொங்குகிறது. பேச்சு வழக்கை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும், வேற்றூர்க்காரனுக்கு உன் ஊர் வழக்கை வைத்துச் சொல்லாதே என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தின் மாலிகி மத்ஹப் இமாம் கராஃபி எச்சரித்திருக்கிறார். ஆகவே தமிழ் தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

ஒரே மூச்சில் மூன்று தலாக் என்றால் நாட்டுச் சட்டம் தனி. 2019 சட்டப்படி அது செல்லாது. சொன்னவருக்கு 3 ஆண்டுவரை சிறை. முஃப்தி அதை ஒரு தலாக் என்றாலும் மூன்று தலாக் என்றாலும் சட்டம் மாறாது. வக்கீலையும் பாருங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து: ஒரு முஃப்தி கூடாது என்றால் இன்னொருவரிடம் போகலாமா, பாய்?

காரணம் கேட்கப் போகலாம், சலுகை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கக் கூடாது. ஆனால் உண்மையான நெருக்கடியில் மத்ஹபையே தாண்டி வழி தேடியவர்கள் அறிஞர்கள்தான். காணாமல் போன கணவனின் வயதொத்தவர்கள் சாகும்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது பழைய ஹனஃபி நிலை. வேறு வழியில்லாமல் பெண்கள் மதம் மாறித் திருமண பந்தத்தை அறுத்துக்கொண்டார்கள். 1930களில் ஹனஃபி அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி மாலிகி அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டு, நான்கு ஆண்டு என்ற அவர்களுடைய கருத்தை ஹனஃபிகளுக்கும் எடுத்துக் கொடுத்தார். 1939 முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில் 'நான்கு ஆண்டு தகவல் இல்லை' என்பதே முதல் காரணம். ஃபத்வாவின் பலம் என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சிவாஜி நகரிலிருந்து: வாட்ஸ்அப்பில் வரும் ஃபத்வா அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் கேள்வி இருக்கிறதா பாருங்கள். பதிலை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால் மேலே அனுப்பாதீர்கள். பிறகு ஃபத்வா எண், தேதி, முத்திரை, கையொப்பம். முக்கியமானவற்றில் இரண்டாம் முஃப்தி 'அல்-ஜவாபு ஸஹீஹ்', அதாவது பதில் சரி, என்று எழுதியிருப்பார். கேள்வித் தாளில் வெற்றிடம் இருந்தால் பிறகு யாரும் எதையும் நுழைக்காதபடி முஃப்தி அதை அடைத்துவிட வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டு ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி சொல்லியிருக்கிறார். அப்போதே இந்தத் திருட்டு இருந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் அந்த எண்ணைச் சொல்லி, கொடுத்த தாருல் இஃப்தாவிலேயே கேளுங்கள். பதிவேட்டில் நகல் இருக்கும்.