பக்கத்து சீட்டில் வாய் திறக்காதவர்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் கணவர் லாரி ஓட்டுகிறார், 17 வருடமாகக் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வருகிறார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று பிள்ளைகளோடு (14, 10, 5 வயது) ஜப்பானில் உள்ள ஹொக்கைடோவுக்குப் போய், காடி வாடகைக்கு எடுத்து ஆறு நாள் பனி பார்த்து வரலாம் என்று திட்டம். சப்போரோ, அசாஹிகாவா, பியெய், ஃபுரானோ, அங்கிருந்து ஒரே நாளில் ஹகோடாடே. அவர் பனியில் ஓட்டியதில்லை. ஆனாலும் கேமரன் மலை வளைவில் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் பெரிய காரியமா என்கிறார். என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது, பசாருக்குப் போய் வர மட்டும் ஓட்டுவேன். அவர் ஓட்டும்போது நான் பேசுவதில்லை, அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகளும் சத்தமில்லாமல் வருவார்கள், அந்தத் தொல்லை இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எடுப்பதா, சாதாரண வேன் போதுமா?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, வண்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நாலு சக்கர இழுவை எடுங்கள். பனியில் புதைந்து நிற்கும் வண்டியைக் கிளப்ப அது உதவும். ஓடுகிற வண்டியை நிறுத்த அது உதவாது, இதை உங்கள் கணவர் காதில் போடுங்கள். பனி டயர் அங்கே குளிர்காலத்தில் வாடகைக் காடியோடே வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் குழந்தை இருக்கை கேட்டு வாங்குங்கள், ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் ஜப்பானில் அது சட்டம். ஜேபிஜேயில் (நம் மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாவில்) அனைத்துலக லைசென்ஸ் எடுக்கும்போது உங்கள் பெயருக்கும் ஒன்று எடுங்கள். சரி, வண்டி முடிந்தது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். "அவர் ஓட்டும்போது நான் பேசுவதில்லை." அதற்கு அடுத்த வரியில் பிள்ளைகளும் சத்தமில்லாமல் வருவார்கள் என்று பெருமையாக வேறு சொல்கிறீர்கள். ஐந்து வயதுக் குழந்தை நெடும் பயணத்தில் சத்தமே போடாமல் வருகிறது என்றால் அந்தக் குழந்தை எதையோ கற்றுக்கொண்டுவிட்டது. யாரிடமிருந்து கற்றது? உங்களைப் பார்த்துத்தான்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஊர் பெயர் மாறும், வண்டி மாறும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வருகிற பெண் மாறுவதில்லை. எங்கள் தோட்டத்தில் என் அத்தை இருந்தார். பினாங்கு தைப்பூசம் முடிந்து நடுராத்திரியில் வேனில் திரும்பி வருகிறார்கள், மாமா ஓட்டுகிறார். இரண்டு தடவை மாமாவின் தலை சாய்ந்து நிமிர்ந்ததை அத்தை பார்த்திருக்கிறார். மூன்றாவது தடவை வேன் சாலையோர மரத்தில் போய் மோதியது. மாமா அங்கேயே போய்விட்டார். அத்தை அதற்கப்புறம் முப்பது வருடம் இருந்தார். சாவு வீடு, கல்யாண வீடு எங்கே உட்கார்ந்தாலும் கடைசியில் அதே பேச்சில்தான் வந்து நிற்பார்: "எழுப்புனா திட்டுவாருன்னு இருந்துட்டேன் புள்ள." நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து கேட்ட பேச்சு இது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உங்கள் கணவரை நான் குறைத்துப் பேசவில்லை. காய்கறி லாரி ஓட்டிப் பிள்ளைகளுக்குப் பனி காட்ட நினைக்கிற மனுஷன் நல்ல அப்பாதான். அவர் கை நல்ல கை என்பதையும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கை பழகியது நம்முடைய ரோட்டில். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது மழை பெய்தாலும் மூடுபனி இறங்கினாலும் டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும். ஐஸ் மேல் அப்படி இல்லை. சட்டென்று பிரேக், சட்டென்று ஸ்டியரிங், 17 வருடம் அவரைக் காப்பாற்றிய அந்த வேகம்தான் அங்கே வண்டியைச் சுழற்றிவிடும். நிற்க வேண்டிய தூரம் பல மடங்கு கூடும். சப்போரோ மாதிரி நகரத்தில் சிக்னல் பக்கம் வண்டிகள் நின்று நின்று கிளம்புவதால் பனி தேய்ந்து கண்ணாடி போல் ஆகிவிடும். பிளாக் ஐஸ் என்று ஒன்று இருக்கிறது, பார்த்தால் ரோடு வெறுமனே ஈரமாக இருப்பது போலத் தெரியும். பாலத்தின் மேலும் சுரங்கத்தின் வாயிலும் அது முதலில் பிடிக்கும்.

காற்று அடித்தால் தரையில் கிடக்கும் பனியே எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும், முன்னால் போகிற வண்டிகூடத் தெரியாது. ஹொக்கைடோ நெடுஞ்சாலைகளில் ரோட்டோரக் கம்பங்களில் சிவப்பும் வெள்ளையுமாக அம்புக்குறிகள் தொங்குவதைப் பார்ப்பீர்கள். பனிக்கு அடியில் ரோட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கீழ்நோக்கிக் காட்டுவதற்காக வைத்தவை. பனிக்காற்றில் ஓட்டுகிறவருக்கு இரண்டு கண் போதாது. அந்த அம்பைப் பார்த்து "இடது பக்கம் ஒதுங்கிப் போகிறோம்" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். "இருட்டப் போகிறது, நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கே சாயங்காலம் நாலு மணிக்கே சூரியன் போய்விடும், நம் ஊரில் பிள்ளைகள் இன்னும் திடலில் விளையாடிக்கொண்டிருக்கிற நேரம். ஃபுரானோவிலிருந்து ஹகோடாடே ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் என்று திட்டம் போட்டது யார்? அந்தத் திட்டம் போடும்போதும் நீங்கள் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஹகோடாடேயை விட்டுவிடுங்கள்.

ஜப்பான்காரர்கள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவர் குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் தன்னை ஏற்றிப் போகச் சொல்லி அவர் வண்டியில் போனால், 2007 முதல் அங்கே கூடப் போனவருக்கும் தண்டனை உண்டு. உங்கள் கணவர் குடிப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று அந்த நாடு நினைக்கிறது, நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கணவருக்கு மனைவி மரியாதை கொடுக்க வேண்டும் என்று நம்புகிறவள் நான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் மூன்று பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஆபத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவர் முகம் சுளிப்பாரே என்று இருப்பதை மரியாதை என்று சொல்லாதீர்கள். அது கடமை தவறுவது. தாலி கட்டிய அன்றைக்கே அவர் உயிரும் உங்கள் பொறுப்பில் வந்துவிட்டது. அப்புறம் உங்கள் மூத்தது. பெண்ணா பையனா என்று நீங்கள் எழுதவில்லை. பெண் என்றால் நாளைக்கு ஒருவன் பக்கத்தில் இதே போல உட்காரும். பையன் என்றால் பக்கத்தில் இருப்பவள் பேசக்கூடாது என்று நினைத்து ஓட்டும். இதற்கு அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொல்லை இல்லை என்று எழுதியது நீங்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். காடியில் வைத்து இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். லாரி வராத நாளில், சாப்பிட்டு முடித்து அவர் தேத்தண்ணி குடிக்கும்போது இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். கோபம் வரும், வரட்டும். அடுத்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஈப்போ வரை போய் வாருங்கள். மூத்த பிள்ளை கையில் வழி பார்க்கிற வேலையைக் கொடுங்கள், சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். வேகம் கூடுகிறது என்று தோன்றினால் "கொஞ்சம் மெதுவாகப் போங்கள்" என்று நீங்கள் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அவர் காலைத் தளர்த்துகிறாரா, ஸ்டியரிங்கைக் குத்துகிறாரா என்று பாருங்கள். டிசம்பருக்குள் நாலைந்து தடவை இது நடக்க வேண்டும்.

தளர்த்துகிறார் என்றால் தைரியமாகப் போங்கள். மூன்று மணிக்கெல்லாம் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி நாளைப் பிரியுங்கள். இரவு நிறுத்தும்போது கியரைப் பார்க்கிங்கில் போட்டால் போதும், ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டாம், உறைந்து பிடித்துக்கொள்ளும். மலை ரோட்டில் பழகிய கை தானாக அதை இழுக்கப் போகும், அப்போதும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். எங்காவது பனியில் மாட்டிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால், புகைக் குழாயைச் சுற்றிப் பனி அடைக்காமல் அடிக்கடி இறங்கித் தள்ளிவிட வேண்டும். அடைத்தால் விஷப் புகை உள்ளே வரும், பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்கு 110. இரண்டையும் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

தளர்த்தவில்லை என்றால் வாடகைக் காடியை ரத்து செய்துவிடுங்கள். டிக்கெட் வாங்கியாகிவிட்டது, பிள்ளைகள் ஏமாந்து போவார்கள் என்று எனக்கு மறுபடி எழுத வேண்டாம். சப்போரோவிலிருந்து அசாஹிகாவாவுக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பியெய்க்கும் ஃபுரானோவுக்கும் ரயில் போகிறது. பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், அவரும் உட்கார்ந்து பனியைப் பார்க்கட்டும்.